அக்னி தீர்த்தம் ஒரு ஸ்பூன்: வாசகர் கேள்வி பதில்

தர்மபுரியிலிருந்து கடலைப் பார்க்க வேண்டுமென்றால் எந்தப் பக்கம் கிளம்பினாலும் பாதி நாள் பஸ்ஸிலேயே போய்விடும். அப்படிப்பட்ட ஊரில் இந்த மாதம் வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் கடல் தண்ணீரைப் பற்றித்தான். லீவுக்கு ராமேஸ்வரம், மாமல்லபுரம், பாண்டிச்சேரி என்று போய் வந்தவர்கள் ஒரு பக்கம், போனில் வீடியோ பார்த்துவிட்டு எழுதியவர்கள் இன்னொரு பக்கம். முப்பது வருஷம் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வேதியியல் நடத்தியவன் என்பதால் கெமிஸ்ட்ரிக்கு நான் பொறுப்பு. மாத்திரையை மாற்றுவது, நிறுத்துவது எல்லாம் உங்கள் டாக்டர் பொறுப்பு. சரி, கேள்விகளுக்குப் போகலாம்.

பாலக்கோட்டிலிருந்து ஒரு வாசகி: ராமேஸ்வரம் போய் வந்த என் மாமியார், அங்கே கோயில் பக்கத்துக் கடலான அக்னி தீர்த்தத்தை 2 லிட்டர் பாட்டிலில் பிடித்து வந்திருக்கிறார். தினமும் காலையில் வெறும் வயிற்றில் ஆளுக்கு ஒரு ஸ்பூன் கொடுக்கிறார். மாமனாருக்கு பிபி இருப்பதால் அவருக்கு மட்டும் அரை டம்ளர்! ரத்தமும் கடல் தண்ணீரும் ஒன்றுதான், உடம்பு அப்படியே ஏற்றுக்கொள்ளும் என்று கூட வந்த யாரோ சொன்னார்களாம். குடிப்பதா, வேண்டாம் என்பதா?

முதலில் மாமனாரின் அரை டம்ளரை இன்றைக்கே நிறுத்துங்கள். மற்றதை அப்புறம் பேசுவோம்.

கணக்கு இதுதான். ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்புகள் கரைந்திருக்கின்றன. அரை டம்ளரை 100 மில்லி என்று வைத்துக்கொண்டால் 3.5 கிராம், அதில் சமையல் உப்பு மட்டும் 2.7 கிராம் வரும். ஒரு நாள் முழுக்க ஒரு ஆளுக்கு 5 கிராமுக்குள் உப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மாமனார் காலையில் பல் விளக்கிய கையோடு அதில் பாதியைக் காலி செய்துவிடுகிறார். அதற்குப் பிறகுதான் இட்லி, சட்னி, மதியம் குழம்பு, ரசம், ஊறுகாய் எல்லாம். பிபி மாத்திரை ஒரு பக்கம் இழுக்க இந்தத் தண்ணீர் இன்னொரு பக்கம் இழுக்கிறது.

இப்போது அந்த ‘ரத்தமும் கடலும் ஒன்று’ விஷயம். அது முழுப் பொய் இல்லை, அதனால்தான் இவ்வளவு தூரம் பரவியிருக்கிறது. இரண்டிலும் முதல் இடம் சோடியத்துக்கும் குளோரைடுக்கும்தான். பொட்டாசியம், கால்சியம், மக்னீசியம் என்று மளிகைச் சீட்டு மாதிரி பெயர்ப் பட்டியல் ஒன்றாகவே போகும். பெயர் ஒன்று, அளவு வேறு. ஆஸ்பத்திரியில் ஏற்றுகிற சலைன் பாட்டிலைப் பார்த்திருப்பீர்கள், அதில் 0.9 சதவீதம் என்று போட்டிருக்கும், அதாவது லிட்டருக்கு 9 கிராம், ரத்தத்தின் உப்புக்கு ஏற்ற அளவு. கடலில் அதைப் போல கிட்டத்தட்ட நான்கு மடங்கு. மக்னீசியத்தைப் பார்த்தால் வித்தியாசம் இன்னும் மோசம். ரத்தத்தில் லிட்டருக்கு 20 மில்லிகிராம் சுமார், கடலில் 1,300 மில்லிகிராம்.

அளவு மாறினால் என்ன ஆகும் என்பதை கிருஷ்ணகிரிக்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. மாவடுவில் உப்பைப் போட்டு ஜாடியைக் குலுக்கி வைத்தால் மறுநாள் காலையில் ஜாடியில் தண்ணீர் நிற்கும், வடு சுருங்கிக் கிடக்கும். நீங்கள் ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றவில்லை, காய்க்குள் இருந்தது வெளியே வந்திருக்கிறது. உப்பு எந்தப் பக்கம் அதிகமோ அந்தப் பக்கம் தண்ணீர் நகரும், அதைத்தான் பாடப் புத்தகத்தில் சவ்வூடு பரவல் என்று படித்தோம். கடல்நீரைக் குடித்தால் குடல் என்கிற ஜாடியில் இதே கதைதான், உடம்பிலிருக்கிற தண்ணீர் குடலுக்குள் இறங்குகிறது. உள்ளே போன உப்பை வெளியே தள்ளவும் கிட்னிக்குத் தண்ணீர் வேண்டும். எவ்வளவு கெட்டியாக்கினாலும் கடல் அளவுக்கு உப்பான சிறுநீரை நம் கிட்னியால் தயாரிக்க முடியாது. ஒரு லிட்டர் குடித்தால் அந்த உப்பைக் கழுவ ஒரு லிட்டருக்கு மேலேயே போகும், மிச்சம் நம் இருப்பிலிருந்துதான். நடுக்கடலில் படகு கவிழ்ந்து தத்தளிப்பவர்கள் சுற்றி அவ்வளவு தண்ணீர் இருந்தும் குடிக்காமல் தவிப்பது இதனால்தான்.

இன்னொன்று. மக்னீசியமும் சல்பேட்டும் சேர்ந்தால் அதற்கு நம் ஊர்ப் பெயர் பேதி உப்பு. தக்காளி இலை நரம்புக்கு நடுவே மஞ்சளானால் உரக்கடையில் வாங்கித் தெளிக்கிற அதே மக்னீசியம் சல்பேட்தான், உங்கள் பாலக்கோட்டுத் தக்காளிக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். கடல்நீரில் இரண்டும் உண்டு. 1750-ல் ரிச்சர்ட் ரஸ்ஸல் என்ற இங்கிலாந்து டாக்டர் கழுத்துக் கட்டிகளுக்குக் கடல்நீரை மருந்தாக எழுதி, குளிக்கச் சொன்னதோடு நிற்காமல் குடிக்கவும் சொன்னார். பிரைட்டன் என்ற மீனவர் ஊர் பெரிய சுற்றுலா ஊரானதில் அவருக்கும் பங்கு உண்டு. குடித்தவர்களுக்கு நன்றாக வயிற்றைக் கழுவி விட்டிருக்கும், ‘கெட்டதெல்லாம் வெளியே போயிடுச்சு’ என்று திருப்தியாக இருந்திருப்பார்கள். நம் வீட்டில் லீவு நாளில் விளக்கெண்ணெய் ஊற்றி உட்கார வைப்பார்களே, அந்தத் திருப்திதான்.

ரத்தம்–கடல் ஒப்பீட்டைப் பிரபலமாக்கியவர் ரெனே குயின்டன் என்ற பிரெஞ்சுக்காரர், 1904-ல் இதைப் பற்றிப் பெரிய புத்தகமே போட்டார். ஆனால் அவரே கடல்நீரை அப்படியே கொடுக்கவில்லை, நல்ல தண்ணீர் கலந்து ரத்தத்தின் அளவுக்கு உப்பைக் குறைத்துத்தான் ஊசியாகப் போட்டார். வயிற்றுப்போக்கில் உயிர் போய்க்கொண்டிருந்த குழந்தைகளில் சிலர் அதனால் பிழைத்திருக்கலாம், ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. நீர் வற்றிப்போன உடம்புக்கு உப்பும் நீரும் சரியான அளவில் போனது, இன்றைக்கு நூறு ரூபாய்க்குள் கிடைக்கிற சலைன் செய்கிற வேலை அது. அவர் பெயரைச் சொல்லி இன்றும் கண்ணாடிக் குப்பியில் கடல்நீர் விற்கிறார்கள், விலையைக் கேட்டால் உங்கள் மாமியாரே பாட்டிலை மூடிவிடுவார்.

சரி, அந்த ஒரு ஸ்பூன்? உப்புக் கணக்கில் அது ஒன்றுமே இல்லை, ஒரு சிட்டிகை கூட வராது. எனக்குப் பயம் உப்பைப் பற்றி இல்லை, பாட்டிலைப் பற்றி. ஆயிரக்கணக்கானவர்கள் முங்கி எழுகிற கரையில் பிடித்த தண்ணீர், பஸ்ஸில் வெயிலில் வந்தது, அடுப்பங்கரையில் நாள்கணக்கில் நிற்கிறது. அக்னி தீர்த்தத்தில் முழுகுவதுதான் வழக்கம், யாரும் கையில் ஏந்திக் குடிப்பதில்லை. நம் தீர்த்தமலையில் பாறையிலிருந்து விழுவதைக் கையில் பிடித்துக் குடிக்கிறோமே, அந்தப் பழக்கத்தில் இதையும் சேர்த்துவிட்டார் போல. அத்தையிடம் ‘கெட்டது’ என்று சொல்லாதீர்கள், மனசு கஷ்டப்படும். தீர்த்தம் பூஜை ரூமில் இருக்கட்டும், தலையில் தெளித்துக்கொள்கிறோம் என்று சொல்லிப் பாருங்கள்.

காரிமங்கலத்திலிருந்து ஒரு வாசகர்: கடலில் 90-க்கு மேற்பட்ட தனிமங்கள் இருக்கின்றன, நம் உடம்புக்குத் தேவையான எல்லாச் சத்தும் அதில் உண்டு என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். உண்மையா?

இருக்கிறது என்பது உண்மை. தங்கம் கூட இருக்கிறது. முதல் உலகப்போரில் தோற்ற ஜெர்மனியின் கடனை அடைக்க, ஃபிரிட்ஸ் ஹேபர் என்ற நோபல் பரிசு வாங்கிய வேதியியலாளர் கடலிலிருந்து தங்கம் எடுக்கக் கப்பலில் கிளம்பினார். அளந்து பார்த்தால் நினைத்ததைவிட மிக மிகக் குறைவு, வெறுங்கையோடு திரும்பினார். யுரேனியமும்தான் இருக்கிறது, லிட்டருக்கு 3 மைக்ரோகிராம் சுமார். வீடியோக்காரர் அதை ஏன் சொல்லவில்லை?

கரைந்திருக்கும் உப்பில் 99 சதவீதத்துக்கு மேல் ஆறே பேர்தான்: குளோரைடு, சோடியம், சல்பேட், மக்னீசியம், கால்சியம், பொட்டாசியம். இதில் அழகான விஷயம் ஒன்று உண்டு, எனக்கு ரொம்பப் பிடித்தது. 1872-லிருந்து 1876 வரை சேலஞ்சர் என்ற கப்பல் உலகத்தைச் சுற்றி வந்து பல கடல்களிலிருந்து தண்ணீர் பிடித்து வந்தது. அதில் 77 மாதிரிகளை வில்லியம் டிட்மார் என்பவர் உட்கார்ந்து அலசி 1884-ல் முடிவைச் சொன்னார். உப்பு ஒரு கடலில் கூட இருக்கும், ஒரு கடலில் குறைய இருக்கும், ஆனால் அந்த உப்புகளுக்குள் ஒன்றுக்கொன்று இருக்கும் விகிதம் திறந்த கடலில் எங்கு போனாலும் ஏறக்குறைய மாறாது. பெரிய அண்டாவில் சாம்பார் வைத்து நன்றாகக் கலக்கிவிட்ட மாதிரி.

போன மே மாதம் என் மருமகன் மாமல்லபுரத்திலிருந்து ஒரு லிட்டர் பிடித்து வந்து கொடுத்தான், மாமா ஏதாவது செய்து காட்டுவார் என்று. கண்ணாடி டிரேயில் ஊற்றி, மேலே கொசுவலைத் துணி கட்டி மொட்டைமாடியில் வைத்தேன். எங்கள் வெயிலுக்கு மூன்று நாள் போதுமாக இருந்தது. மூன்றில் ஒரு பங்காக வற்றும் சமயத்தில் அடியில் மாவு மாதிரி மெல்லிய வெள்ளைப் படிவு, அது ஜிப்சம், நிலக்கடலைக்கு மண் அணைக்கும்போது போடுகிறோமே அதேதான். தண்ணீர் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கிய பிறகுதான் உப்புப் பூத்தது. குட்டிக் குட்டிச் சதுரங்கள், நடுவில் குழி விழுந்து, லென்ஸ் வைத்துப் பார்த்தால் கோயில் தெப்பக்குளத்துப் படிக்கட்டு மாதிரி. கடைசியில் டிரேயின் மூலையில் ஒரு ஸ்பூன் அளவுக்குப் பிசுபிசுப்பான தண்ணீர் நின்றது, அது எவ்வளவு வெயில் அடித்தாலும் காயவே இல்லை. நுனி நாக்கில் வைத்தேன், வேப்பங்கொழுந்து தோற்றுவிடும். அதுதான் மக்னீசியம் குளோரைடு. ஜப்பான்காரர்கள் இந்தக் கசப்புத் தண்ணீரை விட்டுத்தான் சோயா பாலைத் திரித்து டோஃபு செய்கிறார்கள். மொத்தத்தையும் சுரண்டி மளிகைக் கடைத் தராசில் வைத்தால் 40 கிராம் காட்டியது. 35 தானே வர வேண்டும் என்று மருமகன் பிடித்துக்கொண்டான். மக்னீசியம் குளோரைடு காற்றிலிருந்தே ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், அந்த 5 கிராம் வெறும் ஈரம். பழைய கல் உப்பு மழைக்காலத்தில் ஜாடியில் நீர் விட்டுக்கொள்வதும் இதனால்தான்.

கிருஷ்ணகிரியிலிருந்து ஒரு வாசகர்: எனக்கு எட்டு வருடமாக சொரியாசிஸ். போன மாதம் பாண்டிச்சேரியில் மூன்று நாள் கடலில் குளித்தேன், முழங்கையில் செதில் நன்றாகக் குறைந்தது. வந்து இரண்டு வாரத்தில் மறுபடி பழையபடி. வீட்டிலேயே உப்புத் தண்ணீரில் குளித்தால் சரியாகுமா?

உங்களுக்குக் குறைந்தது மனப்பிரமை இல்லை. கடலுக்கு உண்மையிலேயே ஏதாவது பலன் உண்டென்றால் அது தோலில்தான் என்பது என் அபிப்பிராயம்.

இதற்குப் பெயர் போன இடம் இஸ்ரேல்–ஜோர்டான் நடுவிலுள்ள சாக்கடல். அங்கே லிட்டருக்கு 340 கிராம் வரை உப்பு, நம் கடலைப் போல பத்து மடங்கு, அதிலும் சோடியத்தைவிட மக்னீசியம் அதிகம். 2005-ல் வெளியான ஒரு ஆய்வில், வறண்டு அரிப்பெடுக்கும் தோல் உள்ளவர்களை அந்த உப்பு 5 சதவீதம் கரைத்த தண்ணீரில் ஒரு கையையும், குழாய்த் தண்ணீரில் மறு கையையும் 15 நிமிடம் வைக்கச் சொன்னார்கள். உப்புத் தண்ணீரில் வைத்த கையில் தோலின் ஈரம் கூடியது, சிவப்பும் சொரசொரப்பும் குறைந்தது. மக்னீசியம் மேல்தோலின் தடுப்புச் சுவரைச் சீக்கிரம் சரியாக உதவுகிறது என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். செதிலை ஊறவைத்து உரிக்கவும் உப்பு உதவும். ஆனால் ‘உப்பு பாத்டப்பில் உட்கார்ந்தால் மக்னீசியம் ரத்தத்தில் ஏறும், மூட்டுவலி போகும், தூக்கம் வரும்’ என்று பொட்டலம் போட்டு விற்கிறார்களே, அதற்கு ஆதாரம் சொத்தை. தோல் என்பது உள்ளே விடாமல் இருக்கத்தான் இருக்கிறது.

அப்புறம், கடற்கரையில் நீங்கள் குளித்தது மட்டுமா செய்தீர்கள்? சட்டை இல்லாமல் மூன்று நாள் வெயிலில் நின்றிருக்கிறீர்கள். சொரியாசிஸுக்கு வெயிலின் புற ஊதாக் கதிரே ஒரு மருந்து. தோல் டாக்டர்கள் அதே கதிரை விளக்கு வைத்து அளவாகக் கொடுக்கிறார்கள், பெரிய ஆஸ்பத்திரிகளில் இருக்கும், கேட்டுப் பாருங்கள். உங்கள் முழங்கை சரியானதில் வெயிலுக்குப் பாதிக்கு மேல் பங்கு இருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

வீட்டில் கல் உப்பைக் கரைத்துக் குளித்தால் சோடியம் குளோரைடு கிடைக்கும், மக்னீசியம் பெரிதாகக் கிடைக்காது, அதில் பெரும்பகுதி உப்பளத்துக் கசப்புத் தண்ணீரோடு போய்விட்டது. செதில் கொஞ்சம் ஊறும், அவ்வளவுதான். எதில் குளித்தாலும் கடைசியில் நல்ல தண்ணீர் விட்டு அலசி, ஈரம் காய்வதற்குள் தேங்காய் எண்ணெயோ வாசலினோ தடவுங்கள். உப்பு தோலில் காய்ந்து நின்றால் அரிப்பு கூடும். வெடிப்பும் ரத்தக்கசிவும் இருக்கும் நாளில் உப்புப் பக்கமே போகாதீர்கள்.

பென்னாகரத்திலிருந்து ஒரு வாசகர்: அப்பாவுக்குச் சர்க்கரை நோய், கால் பெருவிரலில் ஆறாத புண். ஆடி அமாவாசைக்குக் கடலில் முழுகினால் உப்புத் தண்ணீரில் புண் ஆறிவிடும் என்கிறார்கள். கூட்டிப் போகலாமா?

கூட்டிப் போங்கள், திதி கொடுக்கட்டும், காலைக் கடலில் வைக்க விடாதீர்கள். வெதுவெதுப்பான கடல்நீரில் விப்ரியோ வகைக் கிருமிகள் இயல்பாகவே வாழும். நல்ல உடம்பு உள்ளவரின் சிராய்ப்பில் பட்டால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. சர்க்கரை, கல்லீரல் கோளாறு உள்ளவர்களின் புண்ணில் நுழைந்தால் ஒரு நாள் இரண்டு நாளில் சதையை அழுகவைத்து உயிருக்கே வந்துவிடும். ஆஸ்பத்திரியில் புண்ணைக் கழுவுவதும் உப்புத் தண்ணீர்தானே என்று கேட்பார்கள். அது கிருமி நீக்கிய 0.9 சதவீதம். உப்பு புண்ணை எரியவைக்கும், எரிவதெல்லாம் மருந்து இல்லை. கால் மரத்துப்போன ஆளுக்குச் சூடான மணலும் ஆகாது, கொப்பளித்தது தெரியாது. குடத்தில் நல்ல தண்ணீரைப் பிடித்துத் தலைக்கு ஊற்றி முடித்துவிடுங்கள்.

ஓசூரிலிருந்து ஒரு வாசகி: கம்பெனி வேலை, வருஷம் முழுக்க மூக்கடைப்பு, தும்மல். மெடிக்கலில் கடல்நீர் ஸ்ப்ரே என்று ஒன்று கொடுத்தார்கள், விலை அதிகம். பலன் உண்டா?

உண்டு, ஆனால் கடலுக்காக இல்லை, உப்புக்காக. மூக்கில் ஒட்டியிருக்கும் தூசியையும் சளியையும் கழுவித் தள்ளுகிற வேலை. யோகா கிளாஸில் ஜலநேதி என்று சொம்பு வைத்துச் செய்கிறார்களே, அதே வேலை பம்ப் வைத்த பாட்டிலில் வருகிறது. சில ஸ்ப்ரேயில் உப்பு ரத்தத்தின் அளவுக்கே இருக்கும், சிலவற்றில் கூடுதலாக இருக்கும். கூடுதலானது வீங்கிய உள்தோலிலிருந்து நீரை இழுத்து அடைப்பைக் குறைக்கும், மாவடு கதைதான். கொஞ்சம் எரியும்.

உப்பு நுரையீரலுக்கே உதவும் என்பதற்கு ஒரு நல்ல கதை இருக்கிறது. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்று ஒரு பரம்பரை நோய், நுரையீரலில் சளி பசை மாதிரி கெட்டியாகிவிடும். ஆஸ்திரேலியாவில் அந்த நோயுள்ளவர்களில் அலைச்சறுக்கு விளையாடுகிறவர்கள் மற்றவர்களைவிட நன்றாக மூச்சு விடுவதை டாக்டர்கள் கவனித்தார்கள். 7 சதவீத உப்புநீரைப் புகையாக்கி உள்ளிழுக்கச் சொல்லி சோதித்ததில் பலன் தெரிந்து, 2006-ல் முடிவு வெளியானது. இப்போது அது அந்த நோய்க்கு வழக்கமான சிகிச்சை. ஆஸ்துமாக்காரர்கள் இதைப் படித்துவிட்டு வீட்டில் முயற்சி செய்ய வேண்டாம், அவர்களுக்கு இழுப்பு வந்துவிடும்.

வீட்டில் மூக்கு கழுவ: கால் லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற வைத்து, அரை டீஸ்பூனுக்குக் கொஞ்சம் குறைவாக உப்பு, ஒரு சிட்டிகை சமையல் சோடா. கொதிக்க வைக்காத குழாய்த் தண்ணீரையோ டேங்க் தண்ணீரையோ மூக்கில் ஏற்றவே கூடாது. மூக்கு வழியாக மூளைக்கு ஏறுகிற அமீபா ஒன்று உண்டு, கேரளாவில் அது உயிர்களைக் குடித்ததைச் செய்தியில் படித்திருப்பீர்கள்.

மொரப்பூரிலிருந்து ஒரு வாசகர்: கடல் காற்றில் ஓசோன் இருப்பதால்தான் அந்த வாசனையும் உற்சாகமுமா?

இல்லை. அந்த வாசனையில் முக்கியப் பங்கு டைமெத்தில் சல்ஃபைடு என்ற கந்தக வாயுவுக்கு, கடலில் மிதக்கும் நுண்பாசிகளால் வருவது. உற்சாகம் ஆபீசுக்கு லீவு போட்டதால் வருவது.

ஊத்தங்கரையிலிருந்து ஒரு வாசகி: பாக்கெட் உப்பு கெமிக்கல், கடலில் விளைந்த கல் உப்பில் இயற்கையாகவே அயோடின் இருக்கிறது என்று அதற்கு மாறிவிட்டோம். சரிதானே?

இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறோம். கடல்நீரில் அயோடின் லிட்டருக்கு 60 மைக்ரோகிராம் சுமார்தான். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 150 வேண்டும். அப்படியானால் இரண்டரை லிட்டர் கடல்நீர், அதாவது 87 கிராம் உப்போடு! அந்தக் கொஞ்சமும் உப்பு விளையும்போது படிகத்தில் பெரிதாக ஒட்டாது. கடல்பாசியிலும் கடல் மீனிலும் அயோடின் இருப்பது அவை கடலிலிருந்து இழுத்துச் சேர்த்து வைத்துக்கொள்வதால். நாம் ஏரி மீன் சாப்பிடுகிற ஊர்.

பாக்கெட் உப்பும் பெரும்பாலும் கடலில் விளைந்ததே, பொட்டாசியம் அயோடேட் தெளித்திருப்பார்கள். நம் கைக்கு வரும்போது 10 லட்சத்தில் 15 பங்காவது அயோடின் இருக்க வேண்டும் என்பது விதி. அதில் 10 கிராம் உப்புக்கு 150 மைக்ரோகிராம் வரும், 5 கிராம் உப்புக்கு 75. மீதி பால், முட்டையிலிருந்து கிடைக்கும். கல் உப்புதான் வேண்டுமென்றால் ‘அயோடின் சேர்த்தது’ என்று பாக்கெட்டில் போட்ட கல் உப்பே கடையில் இருக்கிறது, அதை வாங்குங்கள். வீட்டில் கர்ப்பிணியோ வயதுக்கு வந்த பெண் பிள்ளையோ இருந்தால் இதில் அசட்டை வேண்டாம்.

நல்லம்பள்ளியிலிருந்து ஒரு வாசகி: என் மகளுக்கு 14 வயது. பல்லெல்லாம் காவி ஏறி இருக்கிறது, சிரிக்கவே கூச்சப்படுகிறாள். கடல் உப்பு வைத்துத் தேய்த்தால் வெளுக்கும் என்று ஒரு குறிப்பு பார்த்துத் தினமும் தேய்க்கிறோம். ஒரு மாதமாகியும் போகவில்லை.

போகாது அம்மா, தேய்ப்பதை நிறுத்துங்கள். அது பல்லின் மேல் ஒட்டிய கறை இல்லை, எனாமலுக்குள்ளேயே இருக்கிறது. ஈறுக்குள் பல் உருவாகிக்கொண்டிருந்த வயதில், குடித்த தண்ணீரில் ஃபுளோரைடு அதிகமாக இருந்ததால் எனாமல் சரியாகக் கட்டவில்லை. கொரகொரப்பான உப்பை வைத்துத் தேய்த்தால் இருக்கிற எனாமலும் தேயும், கூச்சம்தான் மிச்சம். பல் டாக்டரிடம் போனால் மேலே பூச்சு கொடுத்து மறைக்க வழி இருக்கிறது, மகளிடம் அதைச் சொல்லுங்கள். அவள் மேல் தப்பில்லை, ஒழுங்காகப் பல் விளக்காததால் வந்ததில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். நான் பாடம் நடத்திய வகுப்புகளில் வாயை மூடிச் சிரித்த பிள்ளைகள் ஒரு பெஞ்சுக்கு இரண்டு பேராவது இருந்தார்கள்.

இத்தனை கடல் கேள்விகளுக்கு நடுவில் உங்கள் கடிதத்தைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் உண்டு. கடல்நீரில் ஃபுளோரைடு லிட்டருக்கு 1.3 மில்லிகிராம். குடிதண்ணீரில் 1 வரை நல்லது, வேறு வழியில்லாவிட்டால் 1.5 வரை போகலாம் என்பது நம் நாட்டு அளவு. நம் மாவட்டத்து போர்வெல்கள் பலவற்றில் அதையும் தாண்டி இருக்கிறது. அதாவது வாயில் வைக்க முடியாத கடல்நீரைவிட, ‘சப்பையா நல்லா இருக்கு’ என்று குடம் குடமாகக் குடிக்கிற போர் தண்ணியில் ஃபுளோரைடு அதிகம்.

நம் அடியில் இருக்கிற கடினப் பாறையில் ஃபுளோரைடு உள்ள தாதுக்கள் உண்டு. ஆழ்துளையில் வருஷக்கணக்காகப் பாறையோடு உரசிக் கிடக்கிற தண்ணீர் அதைக் கரைத்துக்கொள்கிறது. தண்ணீரில் கால்சியம் நிறைய இருந்தால் ஃபுளோரைடைப் பிடித்து வண்டலாக்கிவிடும். கால்சியம் குறைந்து சோடியமும் பைகார்பனேட்டும் கூடிய தண்ணீரில் பிடித்து நிறுத்த ஆள் இல்லை, ஃபுளோரைடு தாராளமாகக் கரைந்து நிற்கும். வேடிக்கை என்னவென்றால் அப்படிப்பட்ட தண்ணீரில்தான் சோப்பு நன்றாக நுரைக்கும், பருப்பு நன்றாக வேகும். அதனால் ‘உப்புத் தண்ணி கெட்டது, சப்பைத் தண்ணி நல்லது’ என்ற நம் பழைய சோதனை இங்கே உதவாது. ஃபுளோரைடுக்கு ருசியும் இல்லை, வாசனையும் இல்லை. குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் பாட்டிலைக் கொடுத்தால்தான் தெரியும். கொதிக்க வைத்தாலும் போகாது, தண்ணீர் வற்ற வற்ற இன்னும் கெட்டியாகும். ஆர்ஓ மெஷின் எடுத்துவிடும், உள்ளே இருக்கிற வடிகட்டும் சவ்வைச் சரியாக மாற்றினால்.

2013-லிருந்து ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வருகிறது, ஜப்பான் கடனுதவியில் நம் இரண்டு மாவட்டத்துக்கும் இந்த ஃபுளோரைடுக்காகவே போட்ட திட்டம். உங்கள் தெருவுக்கும் வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள், சந்தோஷம். மகளுக்கு இருக்கிற பல் மாறாது, ஆனால் கூடவே ஐந்து வயது தம்பி இருக்கிறான் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அவனுக்குப் பால் பல் விழுந்து முளைக்கப் போகிற பல் இப்போதுதான் உள்ளே தயாராகிறது. ஒகேனக்கல் தண்ணீரைக் குடத்தில் பிடித்துக் குடிக்க மட்டும் வைத்துக்கொண்டு, சோறு வடிக்க, களி கிண்ட, டீ போட எல்லாம் போர் குழாயைத் திறக்கிற வீடுகள் நிறைய. களிக்கு ஊற்றுகிற தண்ணீர் அத்தனையும் களிக்குள்ளேயேதான் நிற்கிறது. நாளைக்கு அடுப்பில் உலை வைக்கும்போது எந்தக் குழாயிலிருந்து பிடிக்கிறீர்கள் என்று பார்த்து எனக்கு எழுதுங்கள்.